பழைய வாக்மேனைக் கையில் எடுத்தால் செய்யக்கூடாதவை

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பில்கூடப் பூஞ்சணம் பூத்துவிடும். அந்த பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்த வாக்மேனையோ (கையடக்கக் கேசட் பிளேயர்) டூ-இன்-ஒன்னையோ (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த செட்) எடுத்த கையோடு பேட்டரி போட்டு ‘பிளே’ பட்டனை அமுக்காதீர்கள். நான் அமுக்கினேன். மோட்டார் முனகியது, கேசட் நகரவில்லை. திறந்து பார்த்தால், மோட்டாரின் சுழற்சியைக் கேசட்டுக்குக் கடத்தும் பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி கறுப்புப் பிசின். விரலில் ஒட்டியது இரண்டு நாள் போகவில்லை. ஈரக்காற்றில் சிலவகை பெல்ட்டுகள் இப்படித்தான் இளகிப்போகும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முழுசாகத் துடைத்த பிறகுதான் புது பெல்ட் மாட்ட வேண்டும். சாதாரண ரப்பர் பேண்டை மாட்டினால் இழுப்பு சீராக இருக்காது, பாட்டு அலையும்.

அப்புறம், பின்பக்க லேபிளைப் படிப்பதில் நடக்கும் தவறு. பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) எண்ணைப் பார்த்து, அந்தப் பேட்டன்ட் கிடைத்த வருஷத்தையே செட் தயாரான வருஷமாக எழுதிவைப்பவர்கள் உண்டு. பேட்டன்ட் கிடைத்தபின் எத்தனையோ ஆண்டுகளுக்கு அதே எண்ணை அச்சடிக்கலாம். ‘இதற்கு முந்தையது அல்ல’ என்பதற்கு மட்டுமே அந்த எண் சாட்சி. ‘பேட்டன்ட் பெண்டிங்’ என்றிருந்தால் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டால்பி முத்திரையைப் பார்த்து டால்பி கம்பெனியே செய்த செட் என்பதும் தவறு. அவர்களுடைய இரைச்சல் குறைப்பு முறைக்கு உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நடந்துகொண்டே ஸ்டீரியோ கேட்பது சோனிக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று சொல்லிவிடுவது. சோனி முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டது 1979 ஜூலை 1 அன்று. அதற்கு முன்பே, பிரேசிலில் வளர்ந்த ஜெர்மன்காரர் ஆண்ட்ரியாஸ் பாவெல் ‘ஸ்டீரியோபெல்ட்’ என்று ஒன்றைச் செய்து, 1977இல் இத்தாலியில் பேட்டன்டுக்கு விண்ணப்பித்திருந்தார். சோனியோடு வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. பிரிட்டனில் 1996இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். இது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான் என்றது நீதிமன்றம். கடைசியில் 2000களின் தொடக்கத்தில் சோனி அவரோடு சமரசம் செய்துகொண்டது. ஆகவே அவரைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு, ‘சோனி திருடியது கோர்ட்டில் நிரூபணமானது’ என்பதும் தவறு.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ யாராவது நீல நிற செட்டைக் காட்டி ‘முதல் வாக்மேன்’ என்றால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல் மாடலான டிபிஎஸ்-எல்2வில் ஹெட்போன் துளை இரண்டு இருக்கும். பாட்டைத் தணித்துப் பக்கத்திலிருப்பவரோடு மைக் வழியாகப் பேச ஆரஞ்சு பட்டன் ஒன்று இருக்கும். ரிக்கார்டிங் கிடையாது. துளைகளின் பக்கத்தில் ‘கைஸ்’, ‘டால்ஸ்’ என்று இருந்தால் அது ஆரம்பகாலத்து செட். பிறகு வந்தவற்றில் ‘ஏ’, ‘பி’ என்று மாற்றிவிட்டார்கள்.