கொப்புளத்துக்குக் காரணம் சிரங்குப் பூச்சி

அப்பாவுக்குத் தொடையிலும் முன்கையிலும் நீர் கோத்த பெரிய கொப்புளங்கள், கூடவே தாங்க முடியாத அரிப்பு. எழுபதைத் தாண்டியவர் என்பதால் முதலில் பார்த்த மருத்துவர் புல்லஸ் பெம்ஃபிகாய்டு, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். கொப்புளம் கொஞ்சம் அடங்கியது, அரிப்பு அடங்கவில்லை, மாத்திரையைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து திரும்பின. ஒவ்வாமை மாத்திரை தூக்கத்துக்குத்தான் உதவியது.

யாரும் கவனிக்காத விஷயம் விரலிடுக்கில் இருந்தது: பென்சிலால் கிறுக்கியதுபோல் சின்னச் சின்னக் கோடுகள். அப்புறம் அம்மாவுக்கும் இரவில் மட்டும் லேசாக அரிப்பு. பெம்ஃபிகாய்டு தொற்றாதே! இதைச் சொன்னதும் வேறொரு தோல் மருத்துவர் அந்தக் கோட்டைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூச்சியும் முட்டையும் தெரிந்தன. கொப்புளத்தோடு வரும் ஸ்கேபிஸ், அதாவது சிரங்கு, அரிது, வந்தால் பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான்.

பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நக இடுக்கையும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளித்தோம், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணி, போர்வை எல்லாம் கொதிக்கும் வெந்நீரில். ஸ்டீராய்டை மருத்துவர் படிப்படியாகத்தான் நிறுத்தினார். புதுக் கொப்புளம் வரவில்லை, அப்பாடா. அரிப்பு மட்டும் சில வாரம் இழுத்தது; பூச்சி செத்த பிறகும் அப்படி இருக்கும், உடனே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.