அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார்? யூகிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேனியல் கிரெய்க் 2021-இல் ‘நோ டைம் டு டை’ படத்தோடு ஜேம்ஸ் பாண்ட் பாத்திரத்திலிருந்து விடைபெற்றது முதல், அடுத்த பாண்ட் யார், அவரை இயக்கப் போகிறவர் யார் என்ற பேச்சு ரசிகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. இந்த வாரம் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார் என்று செய்தி வரும். அடுத்த வாரம் அதே உறுதியோடு இன்னொருவர் பெயர் வரும். ஆறு நடிகர்களையும் இருபத்தைந்து படங்களையும் கடந்து வந்த ஒரு தொடரை நேசிப்பவர்கள் யூகம் செய்வது இயல்பு. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. யூகத்தைச் செய்தி என்று நம்பி, அந்த நம்பிக்கையில் ஒருவரைக் கொண்டாடுவதும் இன்னொருவரைத் தூற்றுவதும்தான் தவறு. இந்தத் தொடரின் வரலாற்றைத் தெரிந்துவைத்திருந்தால் இத்தகைய தவறுகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் செய்தியைப் படிப்பதையே எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறாக நான் கருதுகிறேன். ஆல்பர்ட் பிராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் 1961-இல் தொடங்கிய இயான் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனமே இந்த இருபத்தைந்து படங்களையும் தயாரித்தது; பிற்காலத்தில் பிராக்கோலியின் மகள் பார்பராவும் ஒரே தாய்க்குப் பிறந்த அவருடைய அண்ணன் மைக்கேல் வில்சனும் சேர்ந்து கடைசிச் சொல்லைச் சொன்னார்கள். அமேசான் நிறுவனம் 2022-இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவை 845 கோடி டாலருக்கு வாங்கிய பிறகும் அந்த உரிமை குடும்பத்திடமே இருந்தது. 2025 பிப்ரவரி 20 அன்றுதான், படைப்பு குறித்த முடிவுகள் அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போகின்றன என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள்; ஜூன் 25 அன்று இயக்குநராக டெனி வில்நெவ் பெயரும், அதன்பின் திரைக்கதை ஆசிரியராக ஸ்டீவன் நைட் பெயரும் வந்தன. ஜூன் அறிவிப்பில் எந்த நடிகரின் பெயரும் இல்லை.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய செய்திகளைப் படித்துப் பாருங்கள். 2024 மார்ச்சில், ஆரன் டெய்லர்-ஜான்சனுக்குப் பாண்ட் வாய்ப்பு முறைப்படி வழங்கப்பட்டுவிட்டது என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் எழுதியது, அது உலகம் முழுவதும் பரவியது. அப்போது படத்துக்கு இயக்குநரும் அறிவிக்கப்படவில்லை, எழுத்தாளரும் அறிவிக்கப்படவில்லை. தயாரிப்பாளர்களுக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையிலான அதிகாரச் சிக்கலே தீராமல் இருந்தது. வீடு யாருடையது என்பது முடிவாகாத நிலையில் குடிவரப் போகிறவரின் பெயரை மட்டும் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்ற ஒரு கேள்வி போதும், அந்தச் செய்தியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கு. இதன் மறுபக்கமாக இன்னொரு பிழையும் நடக்கிறது. நடிகர் முப்பதுகளில் இருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று பார்பராவும் வில்சனும் முன்பு சொன்னவற்றை இன்றும் மாறாத சட்டம் போல மேற்கோள் காட்டுகிறார்கள். புதியவர்களும் அதே முடிவுக்கு வரக்கூடும். ஆனால் பழையவர்களின் சொல் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

பந்தய நிறுவனங்களின் பட்டியலை ஆதாரமாகக் கொள்வது அடுத்த தவறு. பிரிட்டனில் அடுத்த பாண்ட் யார் என்பதன்மேல் பணம் கட்டலாம். ஒருவர் பெயரில் பணம் குவியக் குவிய அவருக்குரிய பந்தய விலை குறையும்; அதைப் பார்த்து அவரே முன்னணியில் இருக்கிறார் என்று செய்தி வரும்; செய்தியைப் படித்தவர்கள் மேலும் பணம் கட்டுவார்கள். தயாரிப்பாளரின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் இந்தச் சுழலுக்கும் எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. பந்தயத்தை நிறுத்திவைத்தார்கள் என்றால், நிறுவனம் தன் நட்டத்துக்கு அஞ்சியது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. 2016-இல் டாம் ஹிடில்ஸ்டன் மீதான பந்தயம் இப்படித்தான் நிறுத்தப்பட்டது. முடிவானது என்றே பலர் எண்ணினார்கள். அடுத்த படத்தில் நடித்தவரோ கிரெய்க்.

நடிகர் பேட்டியில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதும் இதைப் போன்றதே. ‘ஸ்பெக்டர்’ என்ற பாண்ட் படத்தின் படப்பிடிப்பு முடிந்த களைப்போடு 2015-இல் அளித்த பேட்டியில், இன்னொரு முறை பாண்டாக நடிப்பதைக் கிரெய்க் மிகக் கடுமையான சொற்களால் மறுத்தார், அவர் விலகிவிட்டார் என்று உலகமே எழுதியது. 2017 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வானொலிப் பேட்டியில், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார்; அன்றிரவே அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், மீண்டும் பாண்டாக வருவதை உறுதிசெய்தார். அது முடிவாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன என்பதும் அப்போது தெரிந்தது. இதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அறிவிக்கும் உரிமை தம்மிடம் இல்லாத ஒரு செய்தியைப் பற்றி நாள்தோறும் கேட்கப்படும் ஒருவர் வேறு என்னதான் சொல்ல முடியும்? நடிகரின் ஆமும் இல்லையும் சான்றாகா என்பதை மட்டும் நாம் நினைவில் கொள்ளலாம்.

ஸ்கிரீன் டெஸ்ட், அதாவது கேமரா முன் நடிப்புச் சோதனை, நடந்தது என்ற செய்தி உண்மையாகவே இருந்தாலும் அது தேர்வைக் குறிக்காது. பாண்ட் பாத்திரத்துக்குச் சோதிக்கப்படுபவர்களுக்குப் பல ஆண்டுகளாக ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தின் ஒரே காட்சியையே கொடுத்து வந்தார்கள். பாண்ட் தன் ஓட்டல் அறைக்குத் திரும்புகிறான், உள்ளே யாரோ இருப்பதை உணர்கிறான், துப்பாக்கியோடு எட்டிப் பார்த்தால் படுக்கையில் கதாநாயகி தத்தியானா. எச்சரிக்கை, வியப்பு, குறும்பு மூன்றையும் சில நிமிடங்களுக்குள் காட்ட வேண்டியிருப்பதால் ஒரு நடிகரை எடைபோட அந்தக் காட்சி பொருத்தமானது. ‘ஆக்டோபஸி’ படத்துக்காக ஜேம்ஸ் பிரோலின் அதை நடித்துக் காட்டினார். கடைசியில் ரோஜர் மூரே திரும்பி வந்தார். (நம் சென்னையின் விஜய் அமிர்தராஜ் நடித்தது அந்தப் படத்தில்தான்.) 1986-இல் சாம் நீல் சோதிக்கப்பட்டார்; அவரும் தேர்வாகவில்லை. 2005-இல் சோதிக்கப்பட்ட ஹென்றி கேவிலுக்கு வயது இருபத்திரண்டு. இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல்லை அவர் கவர்ந்தபோதிலும், வயது குறைவு என்பது தடையானது.

தேர்வான பிறகும் கைநழுவிப் போனதுண்டு. 1986-இல் பியர்ஸ் பிராஸ்னன் தேர்வாகியிருந்தார். அவர் நடித்துவந்த தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்பட்டிருந்தது. பாண்ட் என்ற பெயரால் அவருக்குக் கிடைத்த விளம்பரத்தைப் பார்த்து, ஒப்பந்தக் கெடு முடியும் தறுவாயில் அந்தத் தொடரைத் தொலைக்காட்சி நிறுவனம் உயிர்ப்பித்தது. பாத்திரம் திமத்தி டால்டனுக்குப் போனது. பிராஸ்னன் 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இயக்குநர் விஷயமும் இப்படியே. பின்னர் ‘நோ டைம் டு டை’ ஆன படத்துக்கு 2018 மே மாதம் இயக்குநராக அறிவிக்கப்பட்ட டேனி பாயில், கருத்து வேறுபாட்டால் ஆகஸ்டில் விலகினார். அவருடைய இடத்துக்கு கேரி ஃபுகுனாகா வந்தார். ஆகவே, அறிவிப்பு வந்த பின்னும் படப்பிடிப்பு தொடங்கும் வரை கொஞ்சம் பொறுமை தேவை.

சொற்களைக் கவனியாமல் படிப்பதால் விளையும் கேடு சில நேரம் மிகக் கொடியது. ‘நோ டைம் டு டை’ படத்தில் நடிகை லஷானா லிஞ்ச் 007 ஆக வருகிறார் என்ற செய்தி 2019 ஜூலையில் கசிந்தபோது, பாண்டைப் பெண்ணாக்கிவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். 007 என்பது ஓர் எண். பாண்ட் ஓய்வு பெற்றதால் அந்த எண் வேறோர் உளவாளிக்கு ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான் கதை. செய்தியை இரண்டாம் முறை படித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் செய்யாதவர்களின் வசைகளை அந்த நடிகைதான் தாங்க வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்படும் போலி டிரெய்லர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் இல்லாத டிரெய்லரைப் பகிராதீர்கள்.

படம் வருவதற்கு முன்பே நடிகருக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2005 அக்டோபர் 14 அன்று, லண்டன் தேம்ஸ் நதியில் கடற்படை விரைவுப் படகில் கிரெய்க்கை அழைத்துவந்து நிருபர்கள் முன் நிறுத்தினார்கள். கோட்டு சூட்டின் மேல் பாதுகாப்பு அங்கி அணிந்திருந்தார்; படகில் யார் ஏறினாலும் அணிய வேண்டிய அங்கி அது. அதை வைத்தே அவரைக் கோழை என்று எழுதினார்கள். பொன்னிற முடி பாண்டுக்கு ஆகாது என்றார்கள். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி இணையதளமே தொடங்கினார்கள். இவ்வளவும் ஒரு காட்சிகூட வெளிவராத காலத்தில் நடந்தது. ஓராண்டு கழித்து வந்த ‘கேசினோ ராயல்’ அதுவரையிலான பாண்ட் படங்களிலேயே மிக அதிகமாக வசூலித்தது. சிறந்த நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதின் பரிந்துரைப் பட்டியலிலும் கிரெய்க் பெயர் இடம்பெற்றது. பாண்ட் பாத்திரத்துக்காக எந்த நடிகருக்கும் அதற்கு முன் அந்தப் பரிந்துரை கிடைத்ததில்லை.