விண்டோஸ் ஆவணத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள்

விண்டோஸுக்கு நிரல் எழுதுவோரில் பலர், மைக்ரோசாஃப்ட் வெளியிடும் ஆவணத்தில் ஒரு ஃபங்ஷனுக்குரிய (நிரலிலிருந்து அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்தச் செயற்கூறுக்குரிய) பக்கத்தைத் திறந்ததும், மேலே உள்ள தொடரமைப்பை, அதாவது அதை எழுதும் முறையை, நகலெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நானோ முதலில் அடிப்பகுதிக்குத்தான் செல்வேன். கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்துள்ள மில்லிவினாடிகளைத் தரும் 'கெட்டிக்கவுன்ட்' (GetTickCount) ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். அது 32 பிட் எண்ணைத் தருவதால், 49.7 நாட்கள் இடைவிடாமல் இயங்கிய கணினியில் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும், அதன் துல்லியம் பொதுவாக 10 முதல் 16 மில்லிவினாடிகள் வரைதான் என்பதையும் பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ள 'ரிமார்க்ஸ்' (குறிப்புகள்) பகுதி விளக்குகிறது. மாலையில் அணைத்துவிடும் மேசைக் கணினியில் எத்தனை முறை சோதித்தாலும், எண் சுழியத்துக்குத் திரும்புவதால் வரும் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது. மாதக்கணக்கில் அணைக்கப்படாத சர்வரில்தான் வெளிப்படும்.

இதற்கு மாற்றாக, 64 பிட் எண்ணைத் தரும் 'கெட்டிக்கவுன்ட்64' ஃபங்ஷனின் பக்கத்தில், 'ரிக்வயர்மென்ட்ஸ்' (தேவைகள்) அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் விண்டோஸ் விஸ்டா தேவை என்பதோடு, சேர்க்க வேண்டிய ஹெடர் கோப்பும் இணைக்க வேண்டிய லைப்ரரியும் அங்கேயே இருக்கின்றன. நிரலைத் தொகுக்கும்போது லிங்கர் (நிரலின் பகுதிகளையும் லைப்ரரிகளையும் ஒன்றிணைக்கும் கருவி) ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முறையிட்டால், விடை பெரும்பாலும் அந்த லைப்ரரி வரியில்தான் இருக்கும்.