நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருதா? நான் வீட்ல பண்றதும், லேபுக்கு ஓடுறதும்

போன வருஷம் கத்திரி வெயில்ல ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ள எனக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு. காலைல தாம்பரத்துல ட்ரெயின் ஏறி மாம்பலத்துல இறங்கி ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் பாத்ரூம் போக மனசு வராது, ஆபீஸ் பாத்ரூமும் சரியில்ல, அதனால தண்ணியே குடிக்காம மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பேன். சென்னைல வேலைக்குப் போற பாதிப் பொண்ணுங்க கதை இதுதான். அம்மா "சூடு பிடிச்சிருக்குடி"ன்னு தொப்புள்ல விளக்கெண்ணெய் தடவி விட்டாங்க. அதுல தப்பில்ல, இதமா இருந்துச்சு. ஆனா உள்ள இருந்தது சூடு இல்ல, கிருமி. பெரும்பாலும் நம்ம குடல்லயே இருக்கிற ஈ.கோலைதான் இதுக்குக் காரணம், பொண்ணுங்களுக்கு சிறுநீர்க்குழாய் நாலு சென்டிமீட்டர்தான்ங்கறதால சுலபமா மேல ஏறிடுது.

முதல்ல இதப் பாத்துடுங்க

குளிர் ஜுரம், இடுப்புக்கு மேல பக்கவாட்டுல வலி, வாந்தி, யூரின்ல ரத்தம், இதுல எது இருந்தாலும் பார்லி காய்ச்சிக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. மாசமா இருக்கறவங்க லேசான எரிச்சல்னாலும் போயிடணும். கிட்னி வரைக்கும் ஏறிட்டா வீட்டு வைத்தியம் எதுவும் எடுபடாது.

சாம்பிள் கொடுக்கறது (நான் மாட்டிக்கிட்ட இடம்)

டாக்டர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தாங்க, அதாவது யூரின்ல இருக்கற கிருமிய லேப்ல வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்து கேக்கும்னு பாக்கற டெஸ்ட். நான் காலைல அவசரத்துல முதல்ல வந்ததையே டப்பா நிறையப் பிடிச்சு, பைல போட்டுக்கிட்டு ஆபீஸ் போயி, சாயங்காலம் லேப்ல கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட்ல பல கிருமி கலந்திருக்கு, மறுபடியும் சாம்பிள் கொடுங்கன்னு வந்துச்சு, அந்த ரெண்டு நாளும் எரிச்சலோடயே போச்சு. இதச் சரியா பண்ற விதம் யாரும் எனக்குச் சொல்லல, அதனால முழுசா எழுதறேன்.

லேப்லயோ மெடிக்கல்லயோ கல்ச்சர் டப்பா கேட்டு வாங்குங்க, வீட்ல கழுவி வெச்ச பாட்டில் வேண்டாம். சோப்பு போட்டு கை கழுவிட்டு, கீழ முன்னாடி இருந்து பின்னாடியா வெறும் தண்ணில கழுவுங்க. டப்பா மூடிய உள்பக்கம் மேல பாக்கற மாதிரி வைங்க, உள்ள விரல் படக்கூடாது. ஒரு கையால சதைய விலக்கிப் பிடிச்சுக்கிட்டு முதல்ல வர்றத டாய்லெட்லயே விட்டுடுங்க, வாசல்ல ஒட்டியிருக்கற தோல் கிருமியெல்லாம் அதோட போயிடும். நிறுத்தாம நடுவுல டப்பாவ நீட்டி பாதி பிடிச்சா போதும், மிச்சத்த மறுபடி டாய்லெட்ல விட்டுடுங்க. இதுக்கு இந்தியன் டாய்லெட்ல குந்தி உக்கார்றதுதான் ஈஸின்னு நான் சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல கொடுத்துடுங்க, முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க. லேப்லயே போய் எடுக்கறது இன்னும் நல்லது.

இன்னொண்ணு, வீட்ல மிச்சம் கிடக்கற ஆன்டிபயாடிக்கப் போட்டுட்டு சாம்பிள் கொடுக்காதீங்க. கிருமி இருந்தும் வளராம போயிடலாம், எந்த மருந்து கேக்கும்னே தெரியாது. டாக்டர் கொடுத்த மாத்திரைய எரிச்சல் நின்னுடுச்சேன்னு பாதில விடாதீங்க.

பார்லி கஞ்சித் தண்ணி

முழு பார்லி வாங்குங்க, டின்ல வர்ற பவுடர் எனக்குப் பிடிக்கல. ரெண்டு ஸ்பூன் பார்லியக் கழுவி அஞ்சு டம்ளர் தண்ணில திறந்த பாத்திரத்துல கொதிக்க விடுங்க. குக்கர் வேண்டாம், விசில் வழியா கொழகொழன்னு பொங்கி அடுப்பெல்லாம் வழியும். மணி வெடிச்சு வெள்ளையா மலர்ந்து, தண்ணி லேசா பிசுபிசுன்னு ஆனதும் வடிகட்டி, உப்பும் மோரும் கலந்து குடிங்க. வாழைத்தண்டு ஜூஸ், இளநீர், சீரகத் தண்ணி எல்லாம் இதே கணக்குதான். தண்ணி உள்ள போகும், யூரின் நீர்த்துப் போய் எரிச்சல் குறையும். கிருமியக் கொல்லாது. மெடிக்கல்ல கொடுக்கற சிட்ரேட் சிரப்பும் எரிச்சலுக்குத்தான்.

திரும்ப வராம இருக்க

தண்ணிதான். 2018ல வந்த ஒரு ஆய்வுல, அடிக்கடி இந்தத் தொந்தரவு வந்து, தினம் ஒன்றரை லிட்டருக்கும் கம்மியா குடிச்சிட்டிருந்த 140 பொண்ணுங்கள்ல பாதிப் பேர ஒரு வருஷம் கூடுதலா ஒன்றரை லிட்டர் குடிக்க வெச்சாங்க. அவங்களுக்கு சராசரியா 1.7 தடவை வந்துச்சு, மத்தவங்களுக்கு 3.2. இதப் படிச்சப்புறம்தான் நான் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் வாங்கினேன், மதியம் ஒரு மணிக்குள்ள ஒண்ணு, ஆறு மணிக்குள்ள ஒண்ணு. மூணு மணி நேரத்துக்கு ஒருதடவ பாத்ரூம் போயிடுவேன், சாயங்காலம் ட்ரெயின் ஏறதுக்கு முன்னாடி கட்டாயம். சாதகமான சூழல் கெடச்சா ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒருதடவ ரெண்டா பெருகும், அடக்கி வைக்கிற நேரமெல்லாம் அதுக்கு லாபம்.

ஹெல்த் ஃபாசெட்ட முன்னாடி இருந்து பின்னாடி அடிங்க. தாம்பத்தியத்துக்கு அப்புறம் எழுந்து யூரின் போயிடுங்க. வாசனை வாஷ் எதுவும் வாங்காதீங்க.

கிரான்பெர்ரி பத்திக் கேக்கறாங்க. அடிக்கடி வர்றவங்களுக்கு அது தடுக்க உதவுதுன்னு 2023ல, பல ஆய்வுகளச் சேர்த்துப் பாக்கற காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொல்லுச்சு, ஆனா வந்தத குணப்படுத்தறதுக்கு இல்ல. கடைல விக்கிற சக்கரை ஜூஸ வாங்கறதுக்கு கேப்ஸ்யூல் மேல்.

அப்புறம் சேர்த்தது: கிட்னி பிரச்சனை இருக்கற அம்மாவுக்கு வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கலாமான்னு ஒருத்தங்க கேட்டாங்க. கொடுக்காதீங்க, அதுலயும் இளநீர்லயும் பொட்டாசியம் ஜாஸ்தி, ஹார்ட்டுக்கு ஆபத்து. தண்ணி கூட எவ்வளவுன்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருக்குன்னு எழுதினவங்களுக்கு: அது பெரும்பாலும் வேற தொற்று, பார்லி பத்தாது, டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னும் ஒண்ணு: மாதவிடாய் நின்ன பிறகு வருஷத்துக்கு நாலஞ்சு தடவ வருதுன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அந்த வயசுல ஹார்மோன் குறைஞ்சு உள்ள தோல் மெலிஞ்சு போறதால அடிக்கடி வரும், அதுக்கு உள்ள தடவற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கு. கைனகாலஜிஸ்ட்கிட்ட கூச்சப்படாம கேளுங்க அக்கா, போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.