பழைய வண்டிக்குப் பாலிஷ் போடும் முன் பெயிண்டின் வகையைக் கண்டறிதல்

பாலிஷ் போடுவது என்பது பெயிண்டின் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் தேய்த்து எடுப்பதே ஆகும். ஆகவே, தேயப்போவது நிறத்தின் மேல் அடிக்கப்படும் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டா அல்லது நிறப்பூச்சேயா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வண்டியின் வயது ஓரளவுக்கே துணை செய்யும். 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (கரைப்பான் ஆவியாவதாலேயே உலரும் பூச்சு) பரவியது. அதன் பின் எனாமலும் (உலரும்போது வேதிமாற்றத்தால் இறுகும் பூச்சு) அக்ரிலிக் லாக்கரும் வந்தன. நிறத்தின் மேல் கிளியர் கோட் அடிக்கும் முறை 1980-களில்தான் பரவலானது. ஆனால் பழைய வண்டிகளில் பல இடையில் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கும். வண்டியின் அடையாளத் தகட்டில் உள்ள பெயிண்ட் எண் தொழிற்சாலையில் அடித்த நிறத்தைச் சொல்லுமே தவிர, இன்று மேலே இருப்பது என்ன என்பதைச் சொல்லாது.

வண்டியைக் கழுவி, மெழுகும் அழுக்கும் போகத் துடைத்த பிறகு, கதவின் கீழ் விளிம்பு போன்ற கண்ணில் படாத ஓரிடத்தில் சிறிது மென்மையான பாலிஷை வெள்ளைத் துணியில் எடுத்துக் கையால் தேய்க்க வேண்டும். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் பெரும்பாலும் அது கிளியர் கோட் இல்லாத பூச்சு. மெட்டாலிக் நிறமாக இருந்தால், அலுமினியத் துகள்களால் துணி சாம்பல் நிறமாகவும் மாறலாம். வெள்ளை வண்டிக்குக் கருப்புத் துணியைப் பயன்படுத்துவதோடு, வெள்ளையல்லாத பாலிஷையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையெனில் துணியில் இருப்பது பெயிண்டா பாலிஷா என்று பிரித்தறிய முடியாது. ஓரிடத்துச் சோதனையை வண்டி முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மட்கார்டு மட்டும் தனியாக அடிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அடுத்து, லாக்கரா எனாமலா என்று அறிய, மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு துளி லாக்கர் தின்னர் தொட்டு மெதுவாக ஒற்றிப் பார்க்கலாம். லாக்கர் உடனே கரைந்து பிசுபிசுக்கும். நன்றாக இறுகிய எனாமல் அவ்வளவு எளிதில் கரையாது, ஆனால் சுருங்கக்கூடும். ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த பெயிண்ட் பெரும்பாலும் அசையாது. இந்தச் சோதனை தழும்பை விட்டுச் செல்லும் என்பதால், துணிச் சோதனையில் ஐயம் எஞ்சினால் மட்டுமே இதைச் செய்வது நல்லது.

பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி அதன் வகையைக் காட்டாது. எனினும், தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருப்பதால், அதைவிட மிக அதிகமான அளவு மறு பூச்சையோ அடியில் உள்ள பட்டியையோ உணர்த்தும். குறைந்த அளவு வந்தால், அங்கே தேய்க்க இடமில்லை என்று பொருள்.

லாக்கர் சூட்டில் இளகும் தன்மையுடையது. எனவே மெஷினின் வேகத்தைக் குறைத்து, ஓரங்களைக் கையாலேயே முடிக்க வேண்டும். வலைபோல வெடிப்பு விட்ட லாக்கரும், வெளுத்து உரியத் தொடங்கிய கிளியர் கோட்டும் பாலிஷால் மீளாதவை. அவற்றுக்கு மறு பெயிண்ட்தான் வழி. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல் ஈரத்தோடு தேய்க்க வேண்டும். நிறம் ஏறிய துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.