போர்ட்டல் விலையோடு வரும் கஸ்டமர்: கார் ஷோரூமுக்கான கையேடு

கஸ்டமர் ஷோரூமுக்குள் கால் வைப்பதற்கு முன்பே போனில், கார் விலைகளைக் காட்டும் ஓர் இணையப் போர்ட்டலில் ஆன்-ரோடு விலையைப் பார்த்துவிடுகிறார். அதற்கும் உங்கள் கொட்டேஷனுக்கும் இருபதாயிரம் இடித்தால், கூட்டிச் சொல்கிறவர் நீங்கள்தான் என்று முடிவு கட்டிவிடுவார். அதே போர்ட்டல்தான் அவருடைய போன் நம்பரை உங்களுக்கும், தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஷோரூமுக்கும் லீட்டாக, அதாவது வாங்க வாய்ப்புள்ளவரின் தொடர்பாக, விற்றிருக்கும். டீலர்கள் இந்த இரண்டையும் ஒரே எரிச்சலாகப் பேசுகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு. விலைச் சிக்கலுக்கு மருந்து ஒரு நல்ல விலைத்தாள். லீட் சிக்கலுக்கு மருந்து சரியான கணக்கும் ஒப்பந்தமும்.

விலை எங்கே இடிக்கிறது

எக்ஸ்-ஷோரூம் விலையில், அதாவது சாலை வரியும் பதிவும் இன்சூரன்ஸும் சேராத விலையில், பெரும்பாலும் தகராறு வருவதில்லை. ஜிஎஸ்டி மாறிய சமயங்கள் மட்டும் விதிவிலக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் என்று ஆனபோது, பழைய ஸ்கிரீன்ஷாட்டும் புதிய விலையும் கலந்து நின்றன. மற்ற நாட்களில் வித்தியாசம் கொட்டேஷனில் அதற்குக் கீழே வரும் இனங்களில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் லைஃப் டாக்ஸ், அதாவது வண்டிக்கு ஒரே முறை கட்டும் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் விகிதம் மாறியது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு 10 லட்சத்துக்கு மேல் 15 சதவீதம்தான். 10,20,000 ரூபாய் வண்டிக்கு போர்ட்டல் பழைய விகிதத்தில் கணக்குப் போட்டால் வரி 1,53,000. இப்போதைய விகிதத்தில் 1,83,600. வேறு எதுவுமே மாறாமல் 30,600 ரூபாய் இடிக்கிறது.

பத்து லட்சக் கோட்டைத் தாண்டும் வேரியன்ட்களைத் தனியாகக் கவனியுங்கள். 9,80,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,27,400. அடுத்த வேரியன்ட் 10,20,000 என்றால் வரியில் மட்டும் 56,200 கூடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டியதால் விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ் ஒரு சதவீதம், அதாவது 10,200 ரூபாய், மேலே ஏறுகிறது. எக்ஸ்-ஷோரூமில் நாற்பதாயிரம் வித்தியாசம். கையிலிருந்து போவது 1,06,400. போர்ட்டலில் இரண்டு வேரியன்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இது மோசடி போலத்தான் தெரியும். இந்தக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்து எக்ஸிகியூட்டிவ் மேசையில் வைத்துவிடுங்கள். டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். சம்பளக்காரர் பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது, ஊர். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கஸ்டமரின் போன் சில நேரம் புதுச்சேரியைக் காட்டும். அங்கே சாலை வரி குறைவு. தமிழ்நாட்டு முகவரியில் பதிவு செய்யும்போது அந்த விலை பொருந்தாது. வாதாட வேண்டாம், அவர் முன்னாலேயே போர்ட்டலில் ஊரை மாற்றிக் காட்டுங்கள்.

பதிவுக் கட்டணம் 600, லோன் இருந்தால் ஹைப்பாதிகேஷன் (வண்டி மீது வங்கிக்குள்ள உரிமை) பதிய 1,500, சாலைப் பாதுகாப்பு வரி, ஃபாஸ்டேக் எல்லாம் சின்னத் தொகைகள். ஆனால் "இதர கட்டணங்கள்" என்று ஒரே வரியில் போட்டால் சந்தேகம் அங்கேதான் பிறக்கும். ஒவ்வொன்றையும் தனி வரியாகக் காட்டுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ், டெப்போ சார்ஜ் என்று ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, போர்ட்டலின் கணக்கிலும் அந்தத் தொகை வராது. கஸ்டமர் விரல் வைக்கும் முதல் இடம் அதுதான்.

இன்சூரன்ஸ்

பெரும்பாலான சண்டை இங்கேதான் நடக்கிறது. புதிய காருக்கு மூன்றாண்டு தேர்ட் பார்ட்டி பாலிசி 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியம் நிர்ணயிக்கப்பட்ட தொகை, யாரும் குறைக்க முடியாது. 2022 ஜூன் விகிதப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. ஆகவே வித்தியாசம் முழுவதும் ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதம்) பகுதியிலும், கூடுதல் காப்புகளான ஆட்-ஆனிலும்தான் வரும்.

கஸ்டமர் வெளியிலிருந்து குறைந்த கோட் கொண்டுவந்தால் நான்கு இடங்களை ஒப்பிடுங்கள். ஐடிவி, அதாவது வண்டிக்குக் காப்பீடு செய்யும் மதிப்பு, எவ்வளவு? புதிய வண்டிக்கு வழக்கமாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்தாலே பிரீமியம் குறையும். தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் பம்பர் டு பம்பர் இருக்கிறதா? இன்ஜின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதாகப் போனால் வாங்கிய விலையைத் தரும் காப்பு) இருக்கிறதா? ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா, வேறு பாலிசியில் இருப்பதாகச் சொல்லி விடப்பட்டதா? நான்கும் சமமாக இருந்து, அப்படியும் வெளிக் கோட் குறைவு என்றால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களிடம்தான் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2017 வழிகாட்டுதலில் இடமில்லை. "வெளி இன்சூரன்ஸ் என்றால் டிஸ்கவுண்ட் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே கஸ்டமர் கையில் கொடுப்பதுதான்.

"வரை" என்ற சொல்

போர்ட்டலில் "60,000 வரை தள்ளுபடி" என்று இருக்கும். பிரித்தால் கன்ஸ்யூமர் ஆஃபர் 25,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, கார்ப்பரேட் 10,000 என்பது போல வரும். பழைய கார் இல்லாதவருக்கு, கார்ப்பரேட் சலுகைப் பட்டியலில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்க்காதவருக்கு, மிஞ்சுவது 25,000 மட்டும். ஆஃபர் பெரும்பாலும் சென்ற ஆண்டுத் தயாரிப்புக்கோ நகராத ஒரு வேரியன்ட்டுக்கோதான் பொருந்தும் என்பது இன்னொரு வில்லங்கம். மாதத்தின் முதல் வாரத்தில் புதிய ஸ்கீம் சர்க்குலர் வந்ததும், ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் "எல்லோருக்கும்", "பழைய கார் கொடுத்தால்", "வேலைச் சான்று இருந்தால்" என்று மூன்று நெடுவரிசைகளில் தாள் போட்டு, செல்லுபடியாகும் தேதியுடன் உங்கள் சொந்த வெப்சைட்டிலும் ஏற்றுங்கள். விலையை மறைத்து வைத்து, "நேரில் வாங்க சார், பேசிக்கலாம்" என்று சொன்ன காலம் முடிந்துவிட்டது. அப்படிச் சொல்லும் ஷோரூமை கஸ்டமர் லிஸ்டிலிருந்தே எடுத்துவிடுகிறார்.

விலைக்குக் கீழே போகலாமா?

கார் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் டிஸ்கவுண்ட் கொடுத்தால் அபராதம் என்ற மிரட்டலைப் பல டீலர்கள் அறிவார்கள். 2021 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், டீலர்களின் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்ததற்காக மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கஸ்டமர் வேடத்தில் ஆளனுப்பி டீலர்களைச் சோதித்ததும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே டிஸ்கவுண்ட்டுக்கு வரம்பு வைக்கும் உத்தரவு கார் கம்பெனியிடமிருந்து போனில் வந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், வந்ததைப் பத்திரமாக வையுங்கள்.

அதே சட்டம் உங்களையும் கட்டும். போர்ட்டல் விலையைச் சமாளிக்க நகரத்து டீலர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி "யாரும் இதற்குக் கீழே போக வேண்டாம்" என்று பேசி வைத்துக்கொண்டால், போட்டிச் சட்டம் 2002-இன் பார்வையில் அது விலைக் கூட்டணி. அப்படி ஒரு குழுவில் யாராவது சேர்த்தால் உடனே வெளியேறுங்கள்.

லீட்டின் உண்மை விலை

லீட் ஒன்றுக்கு 500 ரூபாய் மலிவாகத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். மாதம் 100 லீட், 50,000 ரூபாய். அதில் 20 தவறான நம்பர் அல்லது வேறு மாவட்டம். 25 பேர் ஏற்கெனவே உங்கள் சிஆர்எம்-இல் (கஸ்டமர் பதிவு மென்பொருள்) இருப்பவர்கள். மிச்சம் 55. அதில் நான்கு புக்கிங், ஒன்று ரத்து, டெலிவரி மூன்று. டெலிகாலர் சம்பளம் 18,000 சேர்த்தால் 68,000. ஒரு காருக்கு ஏறத்தாழ 22,700. டிஸ்கவுண்ட் போக வண்டியில் நிற்கும் மார்ஜினோடு இதை வைத்துப் பாருங்கள். மீதி இன்சூரன்ஸிலும் ஆக்சசரீஸிலும்தான் வருகிறது என்றால், அந்த இரண்டையும் வெளியில் வாங்கும் கஸ்டமரையே போர்ட்டல் உங்களுக்கு அனுப்புகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்த 25 பேர்தான் கணக்கைக் குழப்புவார்கள். போன மாதம் ஷோரூமுக்கு வந்து டெஸ்ட் டிரைவ் ஓட்டியவர், வீட்டுக்குப் போய் போர்ட்டலில் விலை பார்த்திருப்பார். அவர் கார் எடுத்தால் போர்ட்டலின் அறிக்கையில் அது அவர்கள் விற்பனை. லீட் கோப்பு வந்தவுடன் மொபைல் எண்ணின் கடைசி பத்து இலக்கத்தை வைத்து 90 நாள் சிஆர்எம் பதிவோடு ஒப்பிட்டு, பொருந்துவதைத் தனியே குறித்துவிடுங்கள். மாதக் கடைசியில் செய்யாதீர்கள். அதற்குள் எக்ஸிகியூட்டிவ்கள் சோர்ஸை (கஸ்டமர் எந்த வழியில் வந்தார் என்ற பதிவை) தங்களுக்கு இன்சென்டிவ் வரும்படி மாற்றியிருப்பார்கள்.

புதிய 55 பேரிடம் வேகம் முக்கியம். அதே நம்பர் மூன்று ஷோரூமில் ஒலிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். "எப்ப சார் எடுப்பீங்க?" என்று தொடங்க வேண்டாம். எந்த ஆர்டிஓ, எந்த வேரியன்ட், பழைய கார் இருக்கிறதா, லோனா ரொக்கமா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த நான்கும் தெரிந்தால் சரியான விலை தானாக வந்துவிடும். கால் மணி நேரத்தில் பிரித்து எழுதிய கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் போக வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

லீட்டுக்குப் பணமா, டெலிவரிக்குப் பணமா என்பது முதல் கேள்வி. டெலிவரிக்கு மட்டும் என்றால் கேட்க இனிமையாக இருக்கும். அமெரிக்காவில் ட்ரூகார் என்ற கார் விலைப் போர்ட்டல் அப்படித்தான் புதிய கார் ஒன்றுக்கு 299 டாலர், பழைய காருக்கு 399 டாலர் என்று வாங்கியது. எந்த விற்பனை தன்னுடையது என்று காட்ட டீலர்களின் விற்பனைப் பதிவு அதற்குத் தேவைப்பட்டது. தங்கள் எண்களே தங்கள் விலையை இறக்கப் பயன்படுகின்றன என்று டீலர்கள் கொதித்தார்கள். இன்வாய்ஸுக்கு (டீலருக்குக் கம்பெனி போடும் பில் விலைக்கு) கீழே இணையத்தில் விலை காட்டினால் விளம்பர உதவித்தொகை கிடையாது என்று ஹோண்டா தன் டீலர்களிடம் சொன்னது. 2012-இல் ட்ரூகார் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே டிஎம்எஸ் (டீலரின் விற்பனைப் பதிவு மென்பொருள்) லாகின் எதையும் போர்ட்டலுக்குக் கொடுக்காதீர்கள். டெலிவரியான வண்டிகளில் பொருந்தும் மொபைல் எண்களை மட்டும் மாதம் ஒரு முறை நீங்களே எடுத்து அனுப்புவதாக எழுதுங்கள்.

அடுத்து, திருப்பி அனுப்பும் விதி: தவறான எண், வேறு மாவட்டம், 90 நாள் பழைய கஸ்டமர் ஆகியவற்றை 72 மணி நேரத்துக்குள் திருப்பினால் கட்டணம் இல்லை என்று எழுத்தில் வேண்டும். ஒரே லீட் எத்தனை டீலருக்குப் போகும் என்பதற்கு எண் போடச் சொல்லுங்கள். "தேர்ந்தெடுத்த சிலருக்கு" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். டீலர் அழைக்கலாம் என்று கஸ்டமர் சம்மதித்த பதிவை, 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, கேட்டு வாங்குங்கள். பில் விளம்பரக் கட்டணமா கமிஷனா என்பதைப் பொறுத்து, பணம் கொடுக்கும்போது நீங்கள் பிடிக்கும் வரியான டிடிஎஸ் மாறும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது போன் நம்பர். போர்ட்டல் உங்கள் பக்கத்தில் தன்னுடைய டிராக்கிங் எண்ணைப் போடும். அதில் ஒரு முறை பேசிய கஸ்டமர் அதையே உங்கள் ஷோரூம் எண்ணாகச் சேமித்துக்கொள்வார். மூன்றாம் சர்வீஸுக்கு அவர் அழைப்பதுகூட லீட்டாக எண்ணப்படலாம். ஒப்பந்தம் முடிந்தபின் அந்த எண் வேறொரு டீலரிடம் ஒலிக்கக்கூடும். முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம் அது உங்கள் லேண்ட்லைனுக்கே வர வேண்டும் என்று எழுதுங்கள். கூகுள் மேப்பில் உள்ள ஷோரூம் பக்கத்தின் உரிமையை ஏஜென்சியிடம் விடாமல் உங்கள் நிறுவன மின்னஞ்சலில் வையுங்கள். முதல் ஒப்பந்தம் மூன்று மாதம் போதும், வெளியேற 30 நாள் நோட்டீஸ் போதும். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றால், மூன்றாம் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.