உங்கள் ஊர் எந்தத் தொகுதியில் இருந்தது? சித்தூர் எல்லைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஆந்திராவின் சித்தூர் எல்லையில், நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமநேர், குப்பம் பக்கம் வாழும் தமிழர்களில் தேர்தல் கணக்குப் பேசாதவர்கள் குறைவு. ‘நகரி என்றைக்கும் இன்ன கட்சியின் கோட்டை’ என்று அடித்துச் சொல்வார்கள். எந்த வருடத்து நகரி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பெயர் அப்படியே இருக்க, அதன் கீழே உள்ள நிலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தை நீங்களே தேடி எழுதிக்கொள்ள வழி சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் இணைய வசதியும் போதும்.

படி 1: தொகுதியை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் தொகுதிப் பெயரை எழுதாதீர்கள். ஒரு கிராமத்தின் பெயரையோ சிறு நகரத்தின் பெயரையோ எழுதுங்கள். தொகுதிகள் பிறக்கும், மறையும், வேறு பெயரில் திரும்பி வரும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஊர் ஒவ்வொரு தேர்தலிலும் எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்தத் தொகுதி என்று மூன்று பத்திகள் போட்டு நிரப்புவதுதான் முழு வேலையும்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலும் ஒரு சித்தூர் தொகுதி உண்டு. கர்நாடகத்தில் ஒரு புத்தூர் தொகுதி உண்டு. மாநிலத்தைச் சேர்த்துத் தேடாவிட்டால் அவற்றின் முடிவுகள் உங்கள் நோட்டுக்குள் நுழைந்துவிடும்.

படி 2: முதலில் மாநில எல்லை

மற்ற மாவட்டக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். நம்மால் முடியாது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாகவும் பிறகு சென்னை மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தது. அன்று ஆந்திர மாநிலம் பிறந்ததும் அதோடு போனது. திருத்தணியும் சேர்ந்தே போனது. ம.பொ.சி. போன்றோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டமும், அதன் பின் எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரையும் இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தவை. அந்தப் பரிந்துரையை ஒட்டி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலாக, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரப் பிரதேசத்துக்குப் போனது.

இதைத் தேர்தல் கணக்காக மாற்றிப் பாருங்கள். திருத்தணியில் குடியிருந்த ஒருவர் 1952-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார், 1955-இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கு, 1962-இல் மீண்டும் சென்னைக்கு. வீடு மாறவில்லை. சத்தியவேட்டுக்காரர் 1952-இலும் 1957-இலும் சென்னைக்கு வாக்களித்துவிட்டு, 1962-இல் ஆந்திராவுக்கு வாக்களித்தார்.

1957-இல் திருத்தணி என்ன ஆனது என்று கேட்கத் தோன்றும். அந்த வருடம் அங்கே சட்டமன்றத் தேர்தலே இல்லை. 1955-இல் ஆந்திரப் பகுதிக்கு 196 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 1956-இல் தெலங்கானா சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானபோது அவர்களின் பதவிக்காலம் 1962 வரை நீட்டிக்கப்பட்டது. 1957-இல் தெலங்கானாவின் 105 இடங்களுக்கு மட்டுமே தேர்தல் நடந்தது. ஆகவே சித்தூர் மாவட்டத்து ஊர்களுக்கு 1957-ஆம் வரி காலியாகத்தான் இருக்கும். ஆவணம் தொலைந்துவிட்டது என்று நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லை மாற்றம் சட்டமன்ற இடங்களின் மொத்த எண்ணிக்கையிலும் தெரியும்: ஆந்திரப் பிரதேசம் 301-இலிருந்து 300-க்கு இறங்கியது, சென்னை 205-இலிருந்து 206-க்கு ஏறியது.

படி 3: கோடு போட வேண்டிய வருடங்கள்

1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள்படி நான்கு முறை மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எல்லை வகுத்தது. இடையில் 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் ஒழிக்கப்பட்டன. நோட்டில் 1962, 1967, 1978, 2009 ஆகிய தேர்தல்களுக்கு மேலே சிவப்பு மையால் கோடு போடுங்கள். 1967-இல் ஆந்திரப் பிரதேசத்துக்கு 287 இடங்கள், 1978-இல் 294. கோட்டுக்கு மேலே உள்ள தொகுதியும் கீழே உள்ள தொகுதியும் ஒரே பெயரில் இருந்தாலும், ஒன்றே என்று, எல்லைகளை வகுத்து அந்த ஆணையம் வெளியிட்ட ஆணையைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

படி 4: ஆணையை வாசிப்பது

2008-இல் நடைமுறைக்கு வந்த ஆணை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் ஒவ்வொரு தொகுதிக்கும் எந்தெந்த மண்டலங்கள் (பல கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவுகள்) என்று எழுதியிருக்கும். நகரிக்கு ஐந்து: நகரி, நிண்ட்ரா, விஜயபுரம், புத்தூர், வடமாலப்பேட்டை. மண்டலம் முழுதாகச் சேராமல் ஒரு பகுதி மட்டும் சேர்ந்திருந்தால் கிராமங்களின் பட்டியல் தனியாக இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் ஊரைக் கண்ணால் பார்க்கும் வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

பழைய ஆணைகளில்தான் சிக்கல். மண்டலங்கள் 1985-இல் என்.டி. ராமராவ் அரசு கொண்டுவந்தவை. அதற்கு முந்தைய ஆணைகள் தாலுகா, பிர்க்கா என்றே பேசும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு கிராமங்களைத் தாலுகாவாரியாகத் தருகிறது. 1991 கையேடு மண்டலவாரியாகத் தருகிறது. உங்கள் ஊரை இரண்டிலும் தேடிப் பிடித்தால், பழைய தாலுகாவும் புதிய மண்டலமும் கைக்கு வந்துவிடும். ஊர்ப் பெயரின் எழுத்து ஒவ்வொரு கையேட்டிலும் ஒரு மாதிரி இருக்கும். பக்கத்து ஊர்களின் பெயர்களையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: வென்றவர்களை இடத்தில் பொருத்துவது

எல்லோருக்கும் பிடித்த படி இது. எல்லோரும் தடுக்கி விழுவதும் இங்கேதான். 2009-க்கு முன் சித்தூர் மாவட்டத்தில் 15 தொகுதிகள் இருந்தன. புதிய ஆணையில் புத்தூர், வேப்பஞ்சேரி, வாயல்பாடு மூன்றும் மறைந்தன. கங்காதர நெல்லூர், பூதலப்பட்டு இரண்டும் வந்தன. மீதம் 14. மாநிலத்தின் மொத்தம் 294 ஆகவே நிறுத்தப்பட்டு, உள்ளே மட்டும் 2001 மக்கள்தொகைப்படி பங்கிடப்பட்டது. ஹைதராபாத், ரங்காரெட்டி பக்கம் இடங்கள் கூடின. நமக்கு ஒன்று குறைந்தது.

தொகுதி மறைந்தால் தலைவர்கள் இடம் பெயர்வார்கள். வாயல்பாட்டில் வென்றுவந்த கிரண்குமார் ரெட்டி 2009-இல் பீலேருக்குப் போய் வென்றார். மறு வருடமே முதலமைச்சர் ஆனார். புத்தூரில் பலமுறை வென்ற காலி முத்துகிருஷ்ணம நாயுடு 2009-இல் நகரியில் நின்று வென்றார். பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் சொந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போனது போலத் தோன்றும். உண்மையில் அவருடைய புத்தூர் நகரமே நகரித் தொகுதிக்குள் வந்திருந்தது.

நடிகை ரோஜாவின் கதை இன்னும் தெளிவானது. 2004-இல் தெலுங்கு தேசம் வேட்பாளராக நகரியில் தோற்றார். 2014-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் நகரியில் 858 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ‘தோற்ற தொகுதியிலேயே வென்றார்’ என்பது செய்திக்கு நன்றாக இருக்கும். ஆனால் 2004-இல் புத்தூர் நகரத்து வாக்காளர்கள் நகரிக்கு வாக்களிக்கவே இல்லை. இரண்டு வருட வாக்கு சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவாதிப்பவர்களை நான் நம்புவதில்லை.

தனித் தொகுதியா பொதுத் தொகுதியா என்பதையும் ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். பலமநேர் 2009-க்கு முன் தனித் தொகுதி, பிறகு பொது.

படி 6: மாவட்டப் பிரிப்பைக் கண்டு குழம்பாதீர்கள்

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் 13 மாவட்டங்கள் 26 ஆயின. புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. நகரி, நிண்ட்ரா, விஜயபுரம் சித்தூரிலேயே நின்றன. தொகுதி மட்டும் உடையவில்லை. மாவட்டத்தை மாநில அரசு மாற்றலாம். தொகுதி எல்லை மறுவரையறை ஆணை வழியாகத்தான் மாறும். 2024-இல் புத்தூர்க்காரர் திருப்பதி மாவட்டத்தில் இருந்துகொண்டே நகரி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்.

படி 7: சாவடி அளவில் சரிபார்ப்பது

இது விருப்பமுள்ளவர்களுக்கு. வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20-இல் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் அண்மைத் தேர்தல்களுடையவை கிடைக்கும். உங்கள் ஊர்ச் சாவடிகளை மட்டும் கூட்டினால், தொகுதி எல்லை மாறினாலும் ஒப்பிடக்கூடிய ஒரே எண் கையில் இருக்கும். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

கடைசியாக, நோட்டில் சில பக்கங்களைக் காலியாக விடுங்கள். 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைதான் தொகுதிகளை மாற்றாமல் வைத்திருக்கும் இப்போதைய உறைநிலை. அடுத்த ஆணையம் வந்தால், கடந்த முறை போலவே வரைவு அரசிதழில் வெளியாகி, ஆட்சேபங்கள் பெறப்பட்டு, பொது அமர்வுகள் நடக்கும். இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றத்தில் அதை மாற்றுவது மிகக் கடினம். உங்கள் ஊரைப் பக்கத்துச் சந்தை ஊரிலிருந்து பிரிக்கிறார்கள் என்று சொல்வதாக இருந்தால் வரைவு வெளியான அந்தச் சில வாரங்களுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். மனுவோடு இந்த நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணையுங்கள்.